கடலுக்குள் யார் கேட்கிறார்கள்?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் அழைத்து, "இருபது நிமிஷம் பேசணும்ப்பா. டெக்னிக்கலாவும் இருக்கணும், வீட்டுக்காரங்களுக்கும் புரியணும்" என்றார். "சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டேன். "முன்னால" என்றார். பசியோடு இருக்கும் சபையில் நீட்டி முழக்கக் கூடாது. ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நான் 2010-ல் இங்கே இயந்திரவியல் முடித்தவன். கப்பல் இயந்திரங்களின் அதிர்வையும் இரைச்சலையும் அளப்பது என் பிழைப்பு. "கடல்ல என்னய்யா இரைச்சல்? அலைச் சத்தம்தானே?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கடலடி உலகைப் படமெடுத்துக் காட்டிய ழாக் கூஸ்தோவே 1956-ல் வந்த தம் திரைப்படத்துக்கு 'மௌன உலகம்' என்றுதான் பெயர் வைத்தார். ஆஸ்கார் பரிசு பெற்ற படம் அது. பெயர்தான் பொருந்தவில்லை. கடலுக்குள் மௌனம் கிடையாது.

யோசித்துப் பாருங்கள். சூரிய வெளிச்சம் கடலில் 200 மீட்டருக்குக் கீழே அனேகமாக எட்டுவதே இல்லை. அதற்குக் கீழே எல்லாம் அமாவாசை. ஆனால் ஒலிக்கு அங்கே ராஜபாட்டை. காற்றில் வினாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர் போகிறது. போதாதென்று, கடலின் ஆழத்தில் ஒலியைக் கீழேயும் மேலேயும் சிதற விடாமல் நெடுந்தூரம் கொண்டு செல்லும் ஓர் அடுக்கு இருக்கிறது. மாரிஸ் யூவிங்கும் அவருடைய சகாவும் 1944-ல் சோதித்துக் காட்டியது இது. 1991 ஜனவரியில் விஞ்ஞானிகள் நம் இந்துமாக் கடலின் தென்கோடியில், ஹெர்ட் தீவுக்கு அருகே நீருக்கடியில் ஒலி எழுப்பினார்கள். அது அமெரிக்காவின் கிழக்கு, மேற்கு என இரு கரைகளிலும் கேட்டது. நம் கேன்டீனில் மாஸ்டர் கூப்பிட்டால் ஹாஸ்டலுக்குக் கேட்காது!

ஆகவே கடல் பிராணிகளுக்குக் கண்ணைவிடக் காது முக்கியம். வழி கண்டுபிடிக்க, இரை தேட, துணையை அழைக்க, கன்றைப் பிரியாமல் இருக்க எல்லாவற்றுக்கும் ஒலிதான். திமிங்கிலம் பாடுகிறது. ஓங்கில் கிளிக் கிளிக் என்று ஒலி விட்டு எதிரொலியைக் கேட்டு இரையைப் பிடிக்கிறது. பாறை இடுக்கில் சிறு இறால்கள், எண்ணெயில் அப்பளம் பொரிவது போலச் சடசடக்கின்றன. மீன்களிலும் குரல் கொடுப்பவை உண்டு.

இந்தக் கச்சேரிக்கு நடுவே நாம் லாரி ஓட்டுகிறோம்.

மெக்கானிக்கல், சிவில் படித்தவர்களுக்கு ஹைட்ராலிக்ஸ் லேப் ஞாபகம் இருக்கும். சென்ட்ரிஃப்யூகல் பம்ப்பில் உறிஞ்சும் பக்கத்து வால்வை ரொம்ப மூடினால், உள்ளே கூழாங்கல்லைப் போட்டு ஆட்டினாற்போல் ஒரு சத்தம் வரும். லேப் அசிஸ்டென்ட் ஓடி வருவார். அதுதான் கேவிட்டேஷன். அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் சூடாகாமலே ஆவியாகிக் குமிழி ஆகிறது. அழுத்தம் கூடும் இடத்துக்கு வந்ததும் குமிழி நொறுங்குகிறது. ஒவ்வொரு நொறுங்கலும் ஒரு குட்டி வெடி. அந்தப் பம்ப்பை ஒரு வீட்டின் உயரத்துக்குக் கற்பனை செய்து, கப்பலின் பின்னால் மாட்டி, இரவு பகலாகச் சுழல விடுங்கள். பெரிய கப்பலின் ப்ரொப்பல்லர் போடும் இரைச்சல் அதுதான். அதன் பெரும்பகுதி சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே விழுகிறது. பெருந்திமிங்கிலங்கள் பேசிக்கொள்வதும் அதே கீழ் ஸ்தாயியில்தான். ஒரே தெருவில் அவர்களும் நாமும்.

கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் ஓர் இடத்தில் 1964-66-ல் அளந்ததையும் 2003-04-ல் அளந்ததையும் ஒப்பிட்டபோது, அந்தக் கீழ் ஸ்தாயி இரைச்சல் 10 முதல் 12 டெசிபெல் கூடியிருந்தது. 10 டெசிபெல் என்றால் பத்து சதவீதம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒலியின் சக்தி பத்து மடங்கு. நாற்பது வருஷத்தில்! இது போக, கடலடியில் எண்ணெய் தேடுவதற்குக் காற்றுத் துப்பாக்கிகளால் வெடி போடுகிறார்கள். போர்க்கப்பல்களின் சோனார் வேறு. 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் 17 திமிங்கிலங்களும் ஓங்கில்களுமாகக் கரை ஒதுங்கியபோது, கப்பல்களின் சோனாரே காரணமாக இருக்க மிகவும் வாய்ப்புண்டு என்று அமெரிக்க அரசும் கடற்படையும் மறு வருஷம் வெளியிட்ட அறிக்கையே சொன்னது.

சத்தம் குறைந்தால் என்ன ஆகும்? யாரும் திட்டமிடாமலே ஒரு பரிசோதனை நடந்தது. 2001 செப்டம்பர் 11-க்குப் பின் சில நாட்கள் கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கப்பல் போக்குவரத்து குறைந்தது. இரைச்சல் 6 டெசிபெல் இறங்கியது. அந்தச் சமயம் அங்கே ஆராய்ச்சியாளர்கள் ரைட் திமிங்கிலங்களின் சாணத்தை அள்ளிக்கொண்டிருந்தார்கள். சிரிக்காதீர்கள், அதுவும் விஞ்ஞானம்தான். அந்தச் சாணத்தில் மன இறுக்கத்தைக் காட்டும் ஹார்மோன்களின் அளவு அந்த நாட்களில் குறைந்திருந்தது. 2012-ல்தான் இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்து எழுதினார்கள். உலகமே துக்கத்தில் இருந்த வாரத்தில் அந்தத் திமிங்கிலங்கள் சற்று நிம்மதியாக மூச்சு விட்டிருக்கின்றன.

மற்ற மாசுகளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. பிளாஸ்டிக்கை இன்றைக்கே நிறுத்தினாலும் கொட்டியது கிடக்கும். எண்ணெய் சிந்தினால் வருஷக் கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். சத்தம் அப்படியில்லை. நிறுத்தினால் அந்த நிமிஷமே போய்விடும். இவ்வளவு சுலபமாகத் தீர்க்கக்கூடிய மாசை ஏன் தீர்க்கவில்லை?

இதற்கு எனக்குப் பதில் சொன்னவர் ஒரு கப்பல் கம்பெனி அதிகாரி. பெயர் வேண்டாம், நல்ல மனிதர். அவர்கள் கப்பல் ஒன்றின் இரைச்சலை நீருக்கடியில் அளந்து, நாற்பது பக்கத்துக்கு ரிப்போர்ட் தயாரித்துக் கொண்டு போய்க் கொடுத்தோம். அத்தனையும் வரைபடங்கள். அவர் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான் சார். தண்ணிக்கு அடியில வர்ற சத்தத்தை யார் சார் கேக்கறாங்க?" என்றார்.

நம் தமிழில் 'கேட்பது' என்றால் காதால் கேட்பதும் உண்டு, வாய் திறந்து கேட்பதும் உண்டு. அவர் எந்த அர்த்தத்தில் சொன்னாரோ தெரியாது. இரண்டு அர்த்தத்திலும் அது சரியான கேள்வி. காதால் கேட்கிறவை கடலுக்குள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அவற்றால் வாய் திறந்து நம்மிடம் ஒன்றும் கேட்க முடியாது. வாய் திறந்து கேட்கக்கூடிய நமக்கோ, அந்தச் சத்தம் காதில் விழுவதில்லை. எண்ணெய்ப் படலத்தில் தத்தளிக்கும் பறவையின் படத்தைப் பத்திரிகையில் போட்டால் பார்ப்பவர் மனசு பதறும். 12 டெசிபெல் என்று எழுதினால் யார் பதறுவார்கள்? இந்த இடத்தில் நம் பொறியியல் மட்டும் போதாது. கலையின் தயவு வேண்டும். இது ஆசைக்குச் சொல்கிற பேச்சில்லை. ஒரு முறை உண்மையிலேயே நடந்திருக்கிறது.

கதை பெர்முடா தீவில் ஆரம்பிக்கிறது. ஃபிராங்க் வாட்லிங்டன் என்று ஒரு பொறியாளர். அமெரிக்கக் கடற்படைக்காக நீருக்கடியில் ஒலி கேட்கும் நிலையத்தில் வேலை. ஆழத்தில் ஹைட்ரோஃபோன்களை, அதாவது நீருக்குள் வேலை செய்யும் மைக்குகளை, இறக்கி வைத்திருந்தார்கள். 1950-களிலும் 60-களிலும் அவற்றில் விசித்திரமான குரல்கள் வந்து விழுந்தன. ஹம்ப்பேக் எனப்படும் கூன்முதுகுத் திமிங்கிலங்களின் குரல். அவர் வேலைக்குச் சம்பந்தமில்லாத அந்த ஒலியை அவர் அழித்துவிடவில்லை. டேப்பில் சேர்த்து வைத்தார். அந்த டேப்புகளை ரோஜர் பெய்ன் என்ற உயிரியல் விஞ்ஞானியிடம் கொடுத்தார். பெய்ன், ஆந்தை இருட்டில் காதை மட்டும் வைத்துக்கொண்டு எலியைப் பிடிப்பது எப்படி என்று ஆராய்ந்தவர். அவர் மனைவி கேட்டி பெய்ன் இசை படித்தவர்.

ரோஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும் அந்த ஒலிகளை ஸ்பெக்ட்ரோகிராம்களாகக் காகிதத்தில் எடுத்துப் பார்த்தார்கள். தம்பிகளுக்குத் தெரிந்திருக்கும்: குறுக்கே நேரம், நெடுக்கே ஸ்தாயி, கருமை கூடக் கூடச் சத்தம் கூட. நாங்கள் பேரிங் கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் அதே படம். அதில் பார்த்தபோது, கன்னாபின்னாவென்று கத்துவதாகத் தோன்றியது ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. சொற்கட்டு போல ஒரு துணுக்கு, துணுக்குகள் சேர்ந்து ஒரு பகுதி, பகுதிகள் சேர்ந்து சில நிமிஷம் முதல் அரை மணி வரை போகும் ஒரு பாட்டு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. 1971-ல் 'சயன்ஸ்' இதழில் இதை எழுதியபோது, பாட்டு என்ற சொல்லையே தலைப்பில் வைத்தார்கள். பாடுவது ஆண் மட்டும்தான். ஒரு வட்டாரத்து ஆண்கள் எல்லாம் ஒரு பருவத்தில் ஒரே பாட்டைப் பாடுகின்றன என்பதும், அது வருஷா வருஷம் மாறிக்கொண்டே போகிறது என்பதும் பின்னால் தெரிந்தது. அந்த மாற்றத்தைப் பிடித்ததில் கேட்டி பெய்னின் சங்கீதக் காதுக்குப் பெரிய பங்கு உண்டு.

விஞ்ஞானக் கட்டுரையோடு நின்றிருந்தால் நம் நாற்பது பக்க ரிப்போர்ட் கதைதான் அதற்கும். கட்டுரைக்கு முன்பே, 1970-ல், அவர்கள் அதை இசைத்தட்டாக வெளியிட்டார்கள். பின்னணி வாத்தியம் எதுவும் இல்லை. வெறும் திமிங்கிலக் குரல். வாங்கினார்கள் ஐயா, ஜனங்கள் வாங்கினார்கள்! அதே 1970-ல் ஆலன் ஹோவ்ஹானெஸ் என்ற இசையமைப்பாளர் அந்தக் குரல்களையும் சேர்த்து எழுதிய இசையை நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் குழு மேடையில் வாசித்தது. ஜூடி காலின்ஸ் ஒரு பழைய நாட்டுப் பாடலை அந்தக் குரல்களோடு சேர்த்துப் பாடினார். 1977-ல் வாயேஜர் விண்கலங்கள் கொண்டுபோன தங்கத்தட்டில் மனிதர்களின் வாழ்த்துகளோடு திமிங்கிலத்தின் குரலும் ஏறியது. 1979 ஜனவரியில் 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' பத்திரிகை மெல்லிய பிளாஸ்டிக் இசைத்தட்டாக அதை இதழோடு சேர்த்து அனுப்பியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள்! 1982-ல் சர்வதேசத் திமிங்கிலக் குழு வியாபாரத்துக்காக வேட்டையாடுவதை நிறுத்தி வைப்பது என்று முடிவெடுத்தது. 1986-ல் அது அமலுக்கு வந்தது.

பாட்டால் மட்டுமே வேட்டை நின்றது என்று சொன்னால் அது பொய். எண்ணிக்கை சரிந்ததைக் காட்டிய விஞ்ஞானிகள், கப்பலுக்கு முன்னால் படகை விட்ட போராட்டக்காரர்கள், சட்டம் இயற்றியவர்கள் எல்லாருக்கும் பங்குண்டு. ஆனால் எண்ணெய்க்கும் இறைச்சிக்கும் ஆன சரக்காகத் தெரிந்த ஒரு பிராணி, பாட்டுக் கேட்டபின் பாட்டுக்காரனாகத் தெரிந்தது. அப்புறம் அதைக் கொல்வது கஷ்டம். இந்தக் கதையில் மூன்று கைகளைக் கவனியுங்கள். காதை வைத்தவர் ஒரு பொறியாளர். அதில் பாட்டு இருப்பதைக் கண்டுபிடித்தது விஞ்ஞானமும் சங்கீதமும் சேர்ந்து. வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது இசைத்தட்டும் பத்திரிகையும். ஒரு கை குறைந்திருந்தாலும் டேப் பெர்முடாவில் அலமாரியிலேயே இருந்திருக்கும்.

அன்றைக்கு அந்தக் காது திமிங்கிலத்தின் பாட்டைக் கேட்டது. இன்றைக்கு அதே காது நம் இரைச்சலையும் கேட்கிறது. நார்வேக்காரர் யானா வின்டெரென் கணிதம், வேதியியல், மீன் சூழலியல் எல்லாம் படித்துவிட்டு ஒலிக் கலைஞரானவர். பனிப்பாறைக்கு அடியிலும் பவளப் பாறை நடுவிலும் ஹைட்ரோஃபோனை இறக்கிப் பதிவு செய்து, இருட்டான அறையில் சுற்றிலும் ஒலிபெருக்கி வைத்துக் கேட்க வைக்கிறார். 2011-ல் ஆஸ்திரியாவின் ஆர்ஸ் எலெக்ட்ரானிக்கா அமைப்பு தன் உயர்ந்த பரிசை அவருக்குக் கொடுத்தது. 2016-ல் பாரிஸில், இயற்கை ஒலிகளைப் பதிவு செய்யும் பெர்னி கிராஸும் லண்டன் கலைஞர் குழு ஒன்றும் சேர்ந்து, ஸ்பெக்ட்ரோகிராம்களைச் சுவர் சுவராக ஒளியில் ஓட விட்டார்கள். அதில் கடலும் ஒரு பகுதி. பேரிங் பார்க்கும் படம் கலைக்கூடத்துக்குப் போய்விட்டது! அதே 2016-ல் வந்த 'சோனிக் சீ' என்ற ஆவணப்படம் பஹாமாஸ் கதையைத் தொலைக்காட்சி வழியாக வீடுகளுக்குக் கொண்டு போனது. பார்சிலோனாவில் மிஷேல் ஆந்த்ரேயின் ஆய்வுக்கூடம் கடலடி நிலையங்களின் ஒலியை நேரடியாகக் கேட்க ஏற்பாடு செய்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் 'ஆர்க்காசவுண்ட்' என்ற முயற்சி, கையளவு கம்ப்யூட்டரோடு ஹைட்ரோஃபோனை இணைத்து, ஆர்க்கா திமிங்கிலங்களின் குரலை யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே கேட்கும்படி செய்திருக்கிறது. கேட்கிறவர்கள் குரல் வந்ததும் குறித்து அனுப்புகிறார்கள்.

இதனால் எல்லாம் ஏதாவது நடந்ததா என்று பின்வரிசையில் கேட்பது தெரிகிறது. அந்தக் கடலுக்குப் பக்கத்திலேயே கனடாவின் வான்கூவர் துறைமுகம். சுமார் 75 ஆர்க்காக்களே மிச்சமிருக்கும் ஒரு கூட்டம் அங்கே வந்து போகிறது. துறைமுகம் 2014-ல் இரைச்சலை ஆராய ஒரு திட்டம் தொடங்கியது. 2017-ல் ஹாரோ நீரிணையில் பெரிய கப்பல்கள் 11 நாட் வேகத்துக்கு மேல் போகாமல் இருக்கும்படி கேட்டுக்கொண்டது. கட்டாயமில்லை, வேண்டுகோள்தான். பெரும்பாலான கப்பல்கள் ஒத்துழைத்தன, இரைச்சல் இறங்கியது. அதே வருஷம் சத்தம் குறைந்த கப்பல்களுக்குத் துறைமுகக் கட்டணத்தில் சலுகையும் கொடுத்தது. வேகம் குறைந்தால் கேவிட்டேஷன் குறையும், டீசலும் மிச்சம். ப்ரொப்பல்லரைத் திருத்தி வடிவமைத்தால் இன்னும் குறையும். சர்வதேசக் கடல்சார் அமைப்பும் 2014-ல் இதற்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டு 2023-ல் திருத்தியது. கட்டாயமாக்கவில்லை. கட்டாயமாக வேண்டுமானால் ஜனங்கள் கேட்க வேண்டும். அதாவது இரண்டு அர்த்தத்திலும்.

இனி நான் சொல்வதைக் கலையார்வம் உள்ள தம்பி தங்கையர் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். கலையைக் கூப்பிடுகிறோம் என்பதற்காகப் பொய்யையும் கூடவே கூப்பிட்டுவிடக் கூடாது. இந்தத் துறையில் பொய் மூன்று வாசல் வழியாக வரும்.

முதல் வாசல் டெசிபெல். நீரில் டெசிபெல் அளக்கும் அடிப்படை வேறு, காற்றில் வேறு. ஒரே வலிமையுள்ள ஒலிக்கு நீரில் வரும் எண் ஏறத்தாழ 62 கூடுதலாக இருக்கும். நீரில் 180 என்றால் காற்றில் சுமார் 118-க்குச் சமம். இதை மறந்து, கப்பல் சத்தம் ராக்கெட் கிளம்புவதற்குச் சமம் என்று போஸ்டர் ஒட்டினால், விஷயம் தெரிந்த ஒருவர் வந்து ஒரே நிமிஷத்தில் கிழித்துவிடுவார். அதோடு நாம் சொன்ன நிஜமும் கிழிந்துவிடும்.

இரண்டாவது வாசல் வேகம். நீலத்திமிங்கிலத்தின் குரல் பல சமயம் நம் காதுக்கு எட்டாத அளவு கீழே இருக்கும். டேப்பை வேகமாக ஓட்டித்தான் கேட்க வைக்க முடியும். ஓட்டலாம், தப்பில்லை. எத்தனை மடங்கு என்று பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாவது வாசல், காரணம் தெரியாததற்குக் காரணம் சொல்வது. 2016 ஜனவரியில் நம் திருச்செந்தூர், மணப்பாடு கரையில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மீனவர்கள் ராத்திரியெல்லாம் கடலுக்குள் இழுத்து விட்டும் பல திரும்பி வந்து இறந்தன. உடனே, சத்தம்தான் கொன்றது என்று மேடையில் முழங்கத் தோன்றும். ஆனால் 1973-லும் அதே தூத்துக்குடிக் கரையில் 147 ஒதுங்கியதாகப் பதிவு இருக்கிறது. காரணம் நிரூபணமாகாத வரைக்கும் அதை நம் கட்சிக்கு ஆதாரமாக்குவது நியாயமில்லை.

இதில் எனக்கும் ஓர் ஓவிய நண்பருக்கும் சண்டையே வந்தது. ஒரு கடலோர ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருவரும் சேர்ந்து சின்னதாக ஒரு காட்சி வைத்தோம். ஹெட்ஃபோனில் முதலில் திமிங்கிலம், பிறகு கப்பல். "கப்பல் சத்தத்தை இன்னும் ஏத்துப்பா, காது கிழியணும், அப்பதான் புள்ளைங்களுக்கு உறைக்கும்" என்றார் அவர். "அளந்த விகிதத்துக்கு மேல ஒரு டெசிபெல் ஏத்த மாட்டேன்" என்றேன் நான். "நீ என்ஜினீயருய்யா, உனக்குக் கண்ணீர் வராது" என்று கோபித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். டீ குடித்துவிட்டு வந்து அவரே வழி சொன்னார். ஹெட்ஃபோனைக் கழற்றச் சொன்னார். அறையை இருட்டாக்கி, இரண்டு இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே பத்தடி தள்ளி உட்கார வைத்து, ஒருவர் சொல்லும் ஊர்ப் பெயர்களை மற்றவர் எழுத வேண்டும் என்றார். பின்னணியில் கப்பல் தூரத்திலிருந்து வந்து கடந்து போகும். சத்தம் அளந்த விகிதத்தில்தான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

முதல் நிமிஷம் எல்லாரும் ஒழுங்காக எழுதினார்கள். கப்பல் நெருங்க நெருங்கப் பெயர்கள் தப்பின. பிள்ளைகள் குரலை உயர்த்தினார்கள், நாற்காலியை இழுத்துக்கொண்டு நெருங்கினார்கள், கடைசியில் ரெண்டு பேர் பேசுவதையே விட்டுவிட்டார்கள். விளக்கைப் போட்டதும் ஒரு சிறுமி கேட்டாள்: "சார், எங்களுக்குக் கப்பல் போயிடுச்சு. அதுங்களுக்குப் போகாதில்ல?" என் ரிப்போர்ட்டின் நாற்பது பக்கமும் அந்தக் கேள்வியில் அடங்கிவிட்டது. அந்த அறையில் ஒரு பொய்யும் இல்லை. பொய்யில்லாமல் மனசைத் தொட முடியும் என்று எனக்குக் காட்டியவர் அந்த ஓவியர். பொய்யில்லாமல் இருக்க வேண்டும் என்று அவரை நெருக்கியவன் நான். இரண்டு பேரும் வேண்டும்.

"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நமக்கென்ன?" என்று நினைக்க வேண்டாம். லட்சத்தீவுக் கடலில் திவ்யா பணிக்கர் என்ற ஆராய்ச்சியாளர் 2018 முதல் 2020 வரை ஹைட்ரோஃபோன் வைத்து நீலத்திமிங்கிலத்தின் பாட்டைப் பதிவு செய்தார். இலங்கையின் தென்முனைக்கு அப்பால் நீலத்திமிங்கிலங்கள் மேயும் இடத்தின் ஊடே உலகின் நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது. பெரிய கப்பல் கம்பெனி ஒன்று 2022-ல் தன் கப்பல்களை இன்னும் தெற்கே தள்ளிப் போகச் சொன்னது. அங்கே முதல் கவலை மோதல், சத்தம் அடுத்தது. பாக் விரிகுடாவில் நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசுவுக்காக 2022-ல் தமிழக அரசு 448 சதுர கிலோமீட்டர் கடலைப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசுவும் குருவி போலக் கீச்சிட்டுப் பேசும் பிராணிதான். சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடல்களின் இரைச்சலைப் பல ஆண்டுகளாக அளந்து வருகிறது. அளக்கும் கை நம்மிடம் இருக்கிறது. கேட்க வைக்கும் கைதான் குறைவு.

அதனால் இந்த விழாவில் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். அடுத்த சந்திப்புக்குள் நம் கல்லூரியில் ஒரு 'கேட்கும் அறை' வேண்டும். மேலே சொன்ன பள்ளிக்கூட அறையைப் போல, ஆனால் நிரந்தரமாக. எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் ஹைட்ரோஃபோன் செய்யலாம். பீசோ வில்லை ஒன்று, தண்ணீர் புகாமல் எபாக்ஸிப் பூச்சு, ஒரு ப்ரீ-ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்டர். இறுதியாண்டு ப்ராஜெக்ட் செலவுக்குள் அடங்கும். முதலில் நம் ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிப் பாருங்கள், பிறகு ஏரியில், பிறகு அனுமதி வாங்கிக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்தில். அளவு சரிதானா என்று நல்ல ஆய்வுக்கூடத்துக் கருவியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒப்பிடாத எண்ணைச் சுவரில் ஒட்டாதீர்கள். மெக்கானிக்கல் மாணவர்கள் ப்ரொப்பல்லர் இரைச்சலைப் பம்ப் லேபிலேயே காட்டலாம். கம்ப்யூட்டர் மாணவர்கள் ஸ்பெக்ட்ரோகிராமை நேரடியாகச் சுவரில் ஓட விடலாம். நுண்கலை மன்றமும் தமிழ் மன்றமும் அந்த அறைக்குள் மனிதர்களை அழைத்து உட்கார வைக்கட்டும். எப்படிக் கேட்க வைப்பது என்பது எங்களைவிட அவர்களுக்குத் தெரியும். மீனவர் குடும்பங்களிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில் இறக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

ஸ்பீக்கர்களுக்கும் ரெக்கார்டருக்கும் ஆகும் முதல் செலவை எங்கள் 2010 பேட்ச் ஏற்றுக்கொள்கிறது. காலையில் வராந்தாவிலேயே பேசி முடித்துவிட்டோம். மிச்சத்துக்கு நம் பொருளாளர் முதல் வரிசையிலிருந்து தலையை ஆட்டுகிறார். சம்மதம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன், குறிப்பேட்டிலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பெர்முடாவில் அந்தப் பொறியாளருக்குத் திமிங்கிலப் பாட்டைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று யாரும் உத்தரவு போடவில்லை. காதில் விழுந்தது, வீசியெறிய மனசு வரவில்லை, தகுந்த ஆளிடம் கொடுத்தார். நம்மில் யாருக்கும் அதைச் செய்ய முடியும். சமையலறையிலிருந்து சாம்பார் வாசனை வந்துவிட்டது.